கையறுநிலையும் ஒரு பதினாறு வயதுச் சிறுவனும்

இளைஞன் ஒருவன் தன் கதையைத் தானே கூறும் புதினங்களுள், ஜே. டி. சாலிஞ்சரின் ‘தி கேட்சர் இன் த ரை’ அளவிற்குப் புகழையும் பழியையும் ஒருங்கே சுமந்த நூல் பிறிதொன்று உண்டா என்பது ஐயமே. 1951ஆம் ஆண்டு அமெரிக்காவில் வெளிவந்த இந்நூலைப் பள்ளிகளில் பாடமாக வைத்தோரும் உண்டு. பள்ளி நூலகங்களிலிருந்து அகற்றியோரும் உண்டு. 1980இல் பாடகர் ஜான் லெனனைச் சுட்டுக் கொன்றவன் கையில் இந்நூல் இருந்தது என்பதைக் காட்டி, இதனை நஞ்சென்று கூறியவர்களும் உளர். நூலைப் படியாமலே தீர்ப்பு வழங்கும் பழக்கம் நம் நாட்டிற்கு மட்டும் உரியதன்று போலும்.

கதை சிறிது. பென்சில்வேனியாவில் உள்ள விடுதிப் பள்ளி ஒன்றில், ஆங்கிலம் தவிர ஏனைய நான்கு பாடங்களிலும் தேறாத பதினாறு வயது ஹோல்டன் கால்பீல்டு பள்ளியைவிட்டு நீக்கப்படுகிறான். செய்தி பெற்றோருக்கு எட்டுவதற்கு முன்னரே விடுதியைவிட்டு வெளியேறி, நியூயார்க் நகரில் இரண்டு நாட்கள் அலைகிறான். அந்த அலைச்சலை, அடுத்த ஆண்டு கலிபோர்னியாவில் ஓய்வுக்கென அனுப்பப்பட்ட ஓரிடத்திலிருந்து நமக்குக் கூறுகிறான். இவ்வளவே.

இந்நூலைப் பாராட்டுவோர் பெரும்பாலும் ஒரே சொல்லைப் பற்றிக்கொண்டுதான் பாராட்டுகின்றனர். அச்சொல் ‘போலி’. தலைமையாசிரியர் போலி, பியானோ வாசிப்பவர் போலி, திரைப்படங்கள் போலி என்று ஹோல்டன் கண்டதையெல்லாம் சாடுகிறான். ஆகவே இவன் முதியோர் உலகின் பொய்ம்மையைத் தோலுரிக்கும் உண்மை விளம்பி என்பது அவர்தம் முடிபு. இம்முடிபை நம்மால் ஏற்க இயலவில்லை. தன்னைவிடப் பெரிய பொய்யனைக் காண முடியாது என்று அவனே தொடக்கத்தில் கூறிவிடுகிறான்; புகைவண்டியில் எதிர்ப்பட்ட உடன்பயிலும் மாணவனின் தாயிடம் அடுக்கடுக்காகப் பொய் சொல்கிறான். இத்தகையவனின் தீர்ப்புகளை ஆசிரியரின் தீர்ப்புகளாகக் கொள்வது முறையன்று. அவன் எதைப் பழிக்கிறான் என்பதைவிட, எதைச் சொல்ல இயலாமல் தவிக்கிறான் என்று பார்ப்பதே திறனாய்வாளன் கடமை.

சொல்ல இயலாத அந்த ஒன்று, தம்பி ஆலியின் மரணம். 1946ஆம் ஆண்டு ஜூலை 18ஆம் நாள் இரத்தப் புற்றுநோயால் ஆலி இறக்கிறான். அவனுக்கு வயது பதினொன்று, ஹோல்டனுக்குப் பதின்மூன்று. இச்செய்தி நமக்கு எங்கே கிடைக்கிறது? நூலின் முதற்பக்கத்தில் அன்று. அறையில் உடன் தங்கியிருக்கும் ஸ்ட்ராட்லேட்டர் என்பவன், ஓர் அறையையோ வீட்டையோ வருணித்து ஒரு கட்டுரை எழுதித் தருமாறு ஹோல்டனைக் கேட்கிறான். அறை எதுவும் மனத்தில் எழாமையால், ஹோல்டன் தம்பியின் பேஸ்பால் கையுறையை வருணித்து எழுதுகிறான். மட்டையடிக்க எவரும் நில்லாத நேரத்தில் படிப்பதற்கென்று, கையுறையின் விரல்களிலும் உள்ளங்கையிலும் பச்சை மையால் கவிதைகளை எழுதி வைத்திருந்த சிறுவன் ஆலி. ஸ்ட்ராட்லேட்டர் கட்டுரையைப் படித்துவிட்டு, கேட்டது அறையைப் பற்றி, கையுறையைப் பற்றி அன்று என்று சினக்கிறான். ஹோல்டன் அதனை வாங்கிக் கிழித்துக் குப்பைக் கூடையில் எறிகிறான். கோப்புகளோடு நாள் முழுதும் உறவாடும் நம் போன்றோர்க்கு இது புரியாததன்று: இன்றியமையாத தாள் பெரும்பாலும் எவனோ ஒருவன் கேட்ட வேறொரு விவரத்திற்கு இணைப்பாகத்தான் கிடக்கும்.

ஆலி இறந்த இரவு, ஹோல்டன் கார் நிறுத்தும் கொட்டகையின் கண்ணாடிச் சன்னல்களையெல்லாம் வெறுங்கையால் குத்தி உடைக்கிறான். கை முறிகிறது. அதற்குப் பின் அக்கையைச் சரியாக முட்டி பிடிக்க அவனால் இயலவில்லை. மழை பெய்தால் வலிக்கிறது. மருத்துவமனையில் கிடந்ததால் தம்பியின் இறுதிச் சடங்கிற்கும் அவன் செல்லவில்லை. பெற்றோரோ மகனை உளப்பகுப்பாய்வுக்கு உட்படுத்தலாமா என்று எண்ணினார்களாம். அழ வேண்டிய சிறுவனை ஆராய முற்பட்டனர்.

நம் புறநானூற்றில் கையறுநிலை என்றொரு துறை உண்டு. இறந்தாரை எண்ணி, இருந்தார் செயலற்றுப் புலம்புவது அது. பாரியை இழந்த அவன் மகளிர் பாடியதும் இத்துறையே. அத்துறையின் பெருமை துயரத்தின் அளவில் இல்லை. துயரத்திற்கு ஒரு வடிவம் உண்டு, அதைக் கேட்க ஓர் அவை உண்டு என்பதில் இருக்கிறது. ஹோல்டனுக்கு வடிவமும் இல்லை, அவையும் இல்லை. சடங்கு இல்லை, ஒப்பாரி இல்லை, எழுதிய கட்டுரையும் குப்பைக் கூடையில். அவன் கதைக்குச் செவி சாய்ப்பவர் வாசகராகிய நாம். எனவே புலம்ப வேண்டியவன் ஏசுகிறான். அவன் வசைமொழி அனைத்தும் இடம் மாறிய ஒப்பாரி என்பதே நம் கருத்து.

இக்கருத்திற்கு நூலிலேயே வலுவான சான்று உண்டு. அதனை வாசகர் பலர் கவனியாது கடந்து விடுகின்றனர் என்பதால் சற்று விரித்துரைப்போம். நள்ளிரவில் சென்ட்ரல் பார்க்கில், தலைமயிரில் பனி உறைந்திருக்க, ஹோல்டன் கல்லறைத் தோட்டத்தை நினைத்துக்கொள்கிறான். பெற்றோருடன் அங்குச் சென்றபோது இரண்டு முறை மழை வந்தது. அஞ்சலி செலுத்த வந்தோரெல்லாம் ஓடிப்போய்த் தத்தம் காரில் ஏறினர். வானொலியைத் திருப்பிவிட்டு எங்கேனும் நல்ல உணவு விடுதிக்குச் செல்ல அவர்களால் முடியும். ஆலியால் முடியாது. ஆன்மா வானுலகில் இருக்கிறது என்பதை அறிந்திருந்தும் ஹோல்டனால் இதைத் தாங்க முடியவில்லை. இனி நூலின் இறுதியைக் காண்க. தங்கை பீபி குடைராட்டினத்தில் சுற்றுகிறாள். மழை கொட்டுகிறது. குழந்தைகளின் தாய்தந்தையர் அனைவரும் ஓடி ராட்டினத்தின் கூரைக்கடியில் ஒதுங்குகின்றனர். ஹோல்டன் மட்டும் ஓடவில்லை. பலகையில் அமர்ந்து தொப்பலாக நனைகிறான். மகிழ்ச்சி கொள்கிறான். கல்லறையில் எவரும் செய்யாததை அவன் இங்குச் செய்கிறான். மழை பெய்தும் ஒருவன் விலகிப் போகவில்லை. இதனைச் சாலிஞ்சர் ஒரு சொல்லால்கூட விளக்கவில்லை, விளக்காமையே சிறப்பு.

இவ்வாறு நோக்கினால், கோதுமை போன்ற ரைப் பயிர் விளைந்த வயலில், மலை விளிம்பிலிருந்து விழவிருக்கும் குழந்தைகளைத் தாவிப் பிடிக்கும் காவலனாகத் தான் இருக்க வேண்டும் என்று அவன் பீபியிடம் கூறும் புகழ்பெற்ற கனவும் வேறு பொருள் தருகிறது. அது குழந்தைப் பருவத்தின் தூய்மையைக் காக்கும் இலட்சியம் என்பார் பலர். நமக்கோ, பிடிக்கத் தவறிய ஒரு குழந்தையின் அண்ணன் பேசுவதாகவே கேட்கிறது. ஒருநாள் ஆலியை விளையாட்டிற்கு உடன் அழைத்துச் செல்ல மறுத்ததை எண்ணி, மனம் சோர்ந்தபோதெல்லாம், வீட்டிற்குப் போய் மிதிவண்டியை எடுத்து வா என்று இறந்தவனிடம் உரக்கப் பேசுபவன் அவன். ஐந்தாம் அவென்யூவில் ஒவ்வொரு தெருவைக் கடக்கும்போதும் தான் மறைந்து போய்விடாமல் காக்குமாறு அதே தம்பியை வேண்டி, கடந்தபின் நன்றியும் கூறுகிறான். இதனைப் பித்து என்போர் என்க. நம் வீடுகளில் முன்னோர்க்குப் படையல் இட்டு அவர்களோடு பேசும் மூதாட்டியரை நாம் அவ்வாறு கூறுவதில்லை.

குறைகளும் உண்டு. ஒரே வகை வசைச்சொற்கள் பக்கந்தோறும் திரும்பத் திரும்ப வருதல் இடையிடையே சலிப்பூட்டுகிறது. முன்னாள் ஆசிரியர் அன்டோலினியின் வீட்டு நிகழ்ச்சியை ஆசிரியர் தெளிவின்றி விட்டது வேண்டுமென்றே எனினும், அங்கே கூறப்படும் அறிவுரை கதைக்கு வெளியே நின்று ஒலிக்கிறது. சாலிஞ்சர் இரண்டாம் உலகப்போரில் நார்மண்டியில் இறங்கிப் போரிட்டவர். 1945இல் மனச்சோர்வுற்று மருத்துவமனையில் இருந்தவர். அவர் கண்ட மரணங்களே ஆலியாக உருக்கொண்டன என்று கூற ஆசை எழும். ஆனால் ஆசிரியர் வரலாற்றைக் கொண்டு நூலைத் திறப்பது எளிய வழி. இந்நூலுக்கு அச்சாவி தேவையில்லை.

கடைசிப் பக்கத்தில், கதையைச் சொல்லியிருக்கவே வேண்டாம், சொன்னதால் அதில் வரும் அனைவரும் உடன் இல்லாதது வருத்துகிறது என்கிறான் ஹோல்டன். அடித்த ஸ்ட்ராட்லேட்டரையும், எரிச்சலூட்டிய ஆக்லியையும், பணம் பறித்த மாரிஸையும்கூடப் பெயர் சொல்லி ஏங்குகிறான். ஆலியின் பெயர் அவ்விடத்தில் இல்லை.