'நீங்களாக இருங்கள்' என்று யாரிடம் சொல்கிறோம்?

காலை ஏழரை மணிக்குக் கோவையின் துடியலூரில் மேட்டுப்பாளையம் சாலையோரம் இரண்டு கூட்டம் நிற்கும். மோட்டார் கம்பெனிக்கும் பவுண்டரிக்கும் லேத் பட்டறைக்கும் போகிறவர்கள் ஒரு பக்கம். கழுத்தில் அடையாள அட்டையைத் தொங்கவிட்டுக்கொண்டு சரவணம்பட்டிக்கும் கீரணத்தத்துக்கும் கம்பெனி வண்டி ஏறுகிறவர்கள் இன்னொரு பக்கம். பல வீடுகளில் அப்பா முதல் கூட்டம், மகள் இரண்டாம் கூட்டம். அப்பாவின் முதலாளி அவரிடம் ஒருநாளும் சொல்லாத ஒன்றை, மகள் வேலையில் சேர்ந்த முதல் வாரமே ஹெச்.ஆர். சொல்லிவிடுகிறது: "இங்கே நீங்கள் நீங்களாகவே இருக்கலாம்." அடுத்த வகுப்பிலேயே எப்படி உடுத்துவது, எப்படி மின்னஞ்சல் எழுதுவது, எந்தக் குரலில் பேசுவது என்று பாடம் நடக்கிறது. இரண்டையும் ஒரே ஆள் எப்படிச் செய்வது என்பதை மட்டும் யாரும் சொல்லித் தருவதில்லை.

இந்தப் பேச்சு அமெரிக்க நிர்வாக உலகிலிருந்து வந்தது. மெட்ரானிக் என்ற மருத்துவக் கருவி நிறுவனத்தை நடத்திய பில் ஜார்ஜ் 2003-இல் தலைமை பற்றி எழுதிய புத்தகத்துக்கு அதில் பெரிய பங்கு உண்டு. என்ரான் போன்ற கம்பெனிகளின் கணக்குப் புரட்டு அம்பலமாகி, மேலாளர்கள் மீது மக்கள் நம்பிக்கை இழந்திருந்த நேரம் அது. பொய்முகம் காட்டாத தலைவர் வேண்டும் என்ற ஏக்கம் நியாயமானது. ஆனால் தலைவருக்குச் சொன்ன அறிவுரை இருபது ஆண்டுகளில் கடைசி ஊழியர்வரை இறங்கிவந்துவிட்டது. வரும் வழியில் ஒரு கேள்வியை யாரும் கேட்கவில்லை: தன்னைக் காட்டிக்கொண்டால் யாருக்கு என்ன நட்டம்?

இதில் உள்ள நல்லதை முதலில் சொல்ல வேண்டும், ஏனென்றால் அது சின்ன நல்லது இல்லை. மறைத்து வாழ்வது பெரிய உழைப்பு. அதற்குச் சம்பளமும் கிடையாது. கொங்குப் பக்கம் புதிதாக ஒருவர் வேலைக்குச் சேர்ந்தால் வரும் முதல் கேள்வி, "எந்த ஊருங்க?" கேட்பவர் அன்பாகத்தான் கேட்கிறார். அன்னூர்ப் பக்கம், காரமடைப் பக்கம் என்று பதில் சொன்னால், "ஊருக்குள்ள எந்தப் பக்கமுங்க?" என்று அடுத்தது வரும். அதற்கும் அடுத்து, "யாரு வீடுங்க?" மூன்றாவது கேள்வி முடிவதற்குள் சாதி தெரிந்துவிடும். இதற்குப் பயந்து, பிறந்த ஊரைச் சொல்லாமல் "துடியலூர்தானுங்க" என்று நிறுத்திக்கொள்கிற இளைஞர்கள் இருக்கிறார்கள். எங்கெங்கிருந்தோ வந்தவர்கள் குடியேறிப் பெருத்த புறநகர் என்பதால் இந்த ஊர்ப்பெயர் யாரையும் காட்டிக்கொடுக்காது. வாடகை வீட்டு முகவரியே அவர்களுக்கு மறைப்பு.

பெயருக்குப் பின்னால் சாதியைப் போடுவதில்லை என்று 1929-இல் செங்கல்பட்டில் கூடிய சுயமரியாதை மாகாண மாநாடு தீர்மானம் போட்டது. தமிழ்நாட்டில் அது பெருமளவு நடந்தும்விட்டது. நாட்டின் பிற பகுதிகளில் பெயரே காட்டிக்கொடுக்கும். சுகதேவ் தோரட்டும் பால் அட்டுவெல்லும் 2007-இல் வெளியிட்ட ஆய்வில், ஒரே தகுதியுள்ள விண்ணப்பங்களை வெவ்வேறு பெயர்களில் தனியார் நிறுவனங்களுக்கு அனுப்பிப் பார்த்தார்கள். தலித் பெயர் கொண்ட விண்ணப்பங்களுக்கு அழைப்பு வரும் வாய்ப்பு குறைந்தது. நம்மிடம் பெயர் செய்யாத வேலையை அந்த மூன்று கேள்விகள் செய்து முடிக்கின்றன. அமெரிக்கச் சட்டப் பேராசிரியர் கென்ஜி யோஷினோ 2006-இல் எழுதிய 'கவரிங்' என்ற நூல் இதைத்தான் பேசுகிறது. வேலை கொடுப்பார்கள், நீக்கமாட்டார்கள், ஆனால் நீ யார் என்பது கண்ணில் படாதபடி நடந்துகொள் என்ற நெருக்கடி கூடவே இருக்கும். இந்த நெருக்கடியைத் தளர்த்தும் எந்த ஏற்பாட்டையும் நான் வரவேற்பேன்.

தன்னைத் தானாகக் காட்டிக்கொள்வது பணி ஒழுங்கைக் கெடுக்கும் என்பவர்கள் சேலத்துப் பிரித்திகா யாஷினியை நினைத்துப் பார்க்கலாம். உதவி ஆய்வாளர் பணிக்கு அவர் விண்ணப்பித்தபோது, திருநங்கைக்கென்று படிவத்தில் இடம் இல்லை, விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது. அவர் நீதிமன்றம் போனார். 2015 நவம்பரில் சென்னை உயர்நீதிமன்றம் அவருக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. 2017-இல் தருமபுரி மாவட்டத்தில் உதவி ஆய்வாளராகப் பணியேற்றார். காவல்துறைச் சீருடையைவிடக் கண்டிப்பான பணி ஒழுங்கு எங்கே இருக்கிறது? தொப்பி எப்படி, சல்யூட் எப்படி என்று எல்லாவற்றுக்கும் விதி உள்ள வேலை அது. அந்த விதி ஒன்றையும் தளர்த்தச் சொல்லி அவர் கேட்கவில்லை. தான் யார் என்பதை மறைக்காமல் அந்த விதிகளுக்குள் நிற்க இடம் கேட்டார். 'நீங்களாக இருங்கள்' என்பதன் சரியான பொருள் எனக்கு அங்கேதான் கிடைக்கிறது.

குறை எங்கே தொடங்குகிறது என்பதற்கு 2014-ஆம் ஆண்டின் இரண்டு நிகழ்ச்சிகள் போதும். அந்த ஜூலையில் உயர்நீதிமன்ற நீதிபதி அரிபரந்தாமன், வேட்டி கட்டியிருந்தார் என்பதற்காகச் சேப்பாக்கத்தில் தமிழ்நாடு கிரிக்கெட் சங்கத்தின் கிளப்பில் அனுமதிக்கப்படவில்லை. நாடே பேசியது. அடுத்த மாதமே சட்டப்பேரவையில் சட்டம் நிறைவேறியது. வேட்டியைக் காரணம் காட்டி இனி எந்த கிளப்பும் யாரையும் தடுக்க முடியாது. நல்ல சட்டம். அதே ஆண்டு ஏப்ரலில், சென்னையில் நூற்றாண்டு கண்ட ஒரு நாளிதழ் அலுவலகத்தில், கேன்டீனில் அசைவ உணவு கொண்டுவந்து சாப்பிட வேண்டாம் என்று ஊழியர்களுக்கு அறிவிப்பு வந்தது. சில நாள் விவாதம் நடந்தது. சட்டம் எதுவும் வரவில்லை. வேட்டி கட்டுவதும் கருவாடு தின்பதும் இந்த மண்ணின் வழக்கம்தான். வேட்டி விஷயத்தில் தடுக்கப்பட்டவர் நீதிபதி. டிபன் பாக்ஸ் விஷயத்தில் தடுக்கப்பட்டவர் சாதாரண ஊழியர். எந்த வழக்கம் கௌரவம், எந்த வழக்கம் தொந்தரவு என்பதை அவரவர் நிற்கும் படியே முடிவு செய்கிறது.

சாப்பாட்டு நேரத்தில் எந்தக் கம்பெனியிலும் இதைக் கண்ணால் பார்க்கலாம். ஆறேழு பேர் மேசையைச் சுற்றி உட்கார்ந்து, டப்பாவைத் திறந்து, குழம்பை மாற்றிக்கொள்வார்கள். மாட்டுக்கறி கொண்டுவந்தவர் மூடியை முழுதாகத் திறக்காமல், ஓரத்தில் உட்கார்ந்து, சீக்கிரம் தின்றுவிட்டு எழுந்து போவார். அல்லது அன்றைக்குத் தயிர்சோறுதான் கொண்டுவந்திருப்பார். "நீங்களாக இருங்கள்" என்ற சுவரொட்டி அந்த அறைச் சுவரிலேயே ஒட்டியிருக்கலாம். அது அவருக்குச் சொல்லப்பட்டது அல்ல என்பது அவருக்குத் தெரியும்.

மேலே இருப்பவரின் இயல்பு எப்போதும் சலுகை பெற்றே வந்திருக்கிறது. கொங்கு முதலாளிகளின் உண்மையான பலங்களில் ஒன்று அவர்களின் எளிமை. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மிஷினுக்குப் பக்கத்தில் நின்று, "நானும் லேத்துல நின்னு வந்தவந்தான்" என்று சொல்கிற முதலாளியை இங்கே எல்லோருக்கும் தெரியும். அந்தப் பேச்சு பொய் அல்ல. ஷரத் சாரி திருப்பூர் பனியன் தொழிலை ஆராய்ந்து 2004-இல் வெளியிட்ட 'ஃப்ராட்டர்னல் கேப்பிடல்' நூலில், தோட்டத்தில் பாடுபட்டு, கூலிக்கு நின்று, பிறகு முதலாளியான கவுண்டர்கள் தங்கள் வாழ்க்கையை உழைப்பின் கதையாகச் சொல்வதை விரிவாக எழுதியிருக்கிறார். அந்த உழைப்பும் உண்மை. ஆனால் அதே கதை இன்னொரு வேலையும் செய்கிறது. நான் பட்ட பாட்டை நீயும் படு, நேரம் காலம் பார்க்காதே, நாமெல்லாம் ஒரே குடும்பம் என்று தொழிலாளியிடம் கேட்க அது உரிமை கொடுக்கிறது. அதே மிஷினில் அதே ஆண்டுகள் நின்ற பெண்களுக்கு முதலாளியாகும் வழி பெரும்பாலும் திறக்கவே இல்லை. அவர்கள் கதையை யாரும் பாடமாக எடுப்பதில்லை.

இதன் சிறிய வடிவம் ஒவ்வொரு அலுவலகத்திலும் உண்டு. "நான் மனசுல பட்டதைப் பட்டுன்னு சொல்ற ஆளு" என்று சொல்லிக்கொண்டே எல்லோர் முன்பாகவும் ஒருவரை அழவைக்கிற டீம் லீடர். கீழே இருப்பவர் அதே வெளிப்படைத்தன்மையை அவரிடம் காட்டினால் அப்ரைசலில் "அணுகுமுறை சரியில்லை" என்று பதிவாகிறது.

மற்றொரு குறை இன்னும் நுட்பமானது. கையை வாங்கிய வேலை, முகத்தையும் வாங்கி, கடைசியில் மனத்தையும் கேட்கிறது. டெல்டா விமானப் பணிப்பெண்களுக்குச் சிரிக்கக் கொடுத்த பயிற்சியை ஆராய்ந்து சமூகவியலாளர் ஆர்லி ஹோக்சைல்டு 1983-இல் இதை எழுதினார். சிரித்தால் போதாது, உள்ளே அப்படியே உணரவும் வேண்டும் என்று நிறுவனம் எதிர்பார்ப்பதை அவர் காட்டினார். நம் ஒப்பணக்கார வீதியிலும் கிராஸ்கட் ரோட்டிலும் ஜவுளிக்கடைப் பெண்கள் நாள் முழுக்க நின்றுகொண்டு, "வாங்கக்கா, என்ன பாக்கறீங்க?" என்று மலர்ந்த முகத்தோடு கேட்டார்கள். அவர்கள் உட்கார நாற்காலி வேண்டும் என்பதற்கே 2021-இல் கடைகள், நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்த வேண்டியிருந்தது. கேரளம் 2018-லேயே செய்திருந்தது. உட்கார நாற்காலி கிடைக்காத ஒருவரிடம் உண்மையான சிரிப்பைக் கேட்பது கொடுமை. அங்கே பழைய பணி ஒழுங்கே மனிதத்தன்மை உள்ளது: மரியாதையாகப் பேசு, அளவு சரியாக எடுத்துக் கொடு, உன் மனம் உன்னுடையது.

தன்னைக் காட்டுவது காட்டுபவருக்கே ஆகாமல் போவதும் உண்டு. நிர்வாகவியல் பேராசிரியர் ஹெர்மினியா இபாரா 2015-இல் எழுதிய கட்டுரையில் ஒரு மேலாளர் வருகிறார். பொறுப்பு பத்து மடங்கு பெருகியதும், புதிய ஊழியர்களிடம் பயமாக இருக்கிறது, உதவுங்கள் என்று மனம் திறந்து பேசினார். அவர்கள் தெம்பான ஒருவரை எதிர்பார்த்திருந்தார்கள். அவர் மேலிருந்த நம்பிக்கை சரிந்தது. இபாராவின் வாதம் எனக்குச் சரியாகப் படுகிறது. இன்றைக்கு இருக்கும் நானே இறுதியான நான் என்று பிடித்துக்கொண்டால் புதிதாக எதையும் கற்க முடியாது. தமிழ்வழியில் படித்து வந்த ஒரு பெண் முதல் ஆறு மாதம் ஆங்கிலத்தில் திணறி, பிறகு கூட்டத்தில் தெளிவாகப் பேசுகிறாள் என்றால், அவள் தன்னை விற்றுவிடவில்லை. வளர்ந்திருக்கிறாள். அவள் வாயில் "ஓகேங்க", "எஸ் சார்ங்க" என்று கொங்கு வாடை ஒட்டியிருந்தால் பயிற்சியாளர்கள் திருத்துவதை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை. அதனால் எந்த வாடிக்கையாளருக்கும் எந்த வேலையும் கெடுவதில்லை.

அந்த 'ங்க' காட்டும் மரியாதை எல்லோருக்கும் ஒன்றுபோல் கிடைப்பதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். பட்டறையில் ஐம்பது வயது அருந்ததியத் தொழிலாளியை இருபது வயதுப் பையன் "வாடா போடா" என்று கூப்பிட்டதை இந்தப் பகுதி பார்த்திருக்கிறது. அது அந்தப் பையனின் இயல்பு. வளர்ந்த வீடு தந்த இயல்பு. அந்த இயல்பு வேலைக்கு வரத் தேவையில்லை. அதைத் தடுத்து நிறுத்துவது பணி ஒழுங்கு. அப்பாவின் பட்டறையில் கிடைக்காத ஒன்று மகளின் அலுவலகத்தில் கிடைத்தது என்றால், எல்லோரையும் ஒரே மாதிரி பெயர் சொல்லியோ மரியாதை கொடுத்தோ அழைக்கும் அந்த விதிதான். 2013-ஆம் ஆண்டுப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டமும் அதே வகை: பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் எந்த இடத்திலும் உள்புகார்க் குழு இருந்தாக வேண்டும். "நான் ஜாலியா பேசற ஆளு" என்ற இயல்பு அங்கே சாக்காகாது.

ஆகவே என் கணிப்பு இது. தன்னைத் தானாகக் காட்டிக்கொள்வது ஊழியரின் உரிமை. நிர்வாகம் அதைக் கடமையாக்கக் கூடாது. ஒழுங்கு எல்லோருக்கும் பொது, மேலே இருப்பவருக்குக் கொஞ்சம் கூடுதலாக. துடியலூர் சுற்றுவட்டாரத்தில் கம்பெனி நடத்துபவர்களும் ஹெச்.ஆர். பொறுப்பில் இருப்பவர்களும் சில காரியங்களை உடனே செய்யலாம். அறிமுக வகுப்பில் குடும்பம், ஊர், குழந்தைப்பருவம் என்று எல்லார் முன்பும் சொல்ல வைக்கும் பழக்கத்தை நிறுத்துங்கள். சாப்பாட்டு அறையில் எந்த டப்பாவையும் திறக்கலாம் என்று எழுத்தில் கொடுங்கள். கத்துகிற மேலாளரின் பெயரில் வந்த புகார் என்ன ஆனது, புகார் கொடுத்தவருக்கு அடுத்த அப்ரைசலில் என்ன கிடைத்தது என்று பாருங்கள். இவற்றைச் செய்யாத கம்பெனி "நீங்களாக இருங்கள்" என்று அழைத்தால், புதிதாகச் சேரும் பிள்ளைகளே, வேலையை நன்றாகச் செய்யுங்கள், எல்லோரிடமும் மரியாதையாக இருங்கள், உங்களைப் பற்றி யாரிடம் எவ்வளவு சொல்வது என்பதை நீங்களே முடிவு செய்யுங்கள்.