பிர்ச் மரமும் பிற்பகல் இருட்டும்

ஃபின்லாந்துக்காரர்களின் வடிவமைப்பை 'எளிமை' என்று ஒரே சொல்லில் முடித்துவிடுகிறவர்கள் கோடையில் போய் வந்தவர்களாகத்தான் இருக்க வேண்டும். டிசம்பர் கடைசியில் ஹெல்சிங்கியில் காலை ஒன்பதே காலுக்கு மேல்தான் சூரியன் எழுகிறது. பிற்பகல் மூன்றே காலுக்கெல்லாம் மறைந்துவிடுகிறது. விரல்கள் விறைத்துப்போய் ஒரு கட்டடத்துக்குள் ஒதுங்கும்போதுதான், அல்வர் ஆல்டோ என்ற கட்டடக் கலைஞர் (1898–1976) எதற்காக இத்தனை மெனக்கெட்டார் என்பது உறைக்கிறது.

எஸ்ப்ளனாடி சாலை முனையில் இருக்கும் அகாடெமிக் புத்தகக் கடை 1969இல் அவர் கட்டி முடித்தது. வெளியே இருண்ட செம்புத் தகடு. உள்ளே வெள்ளைப் பளிங்கு மாடங்கள். மேலே, கூரையிலிருந்து பெரிய கண்ணாடிப் பட்டகங்கள் உள்நோக்கி இறங்குகின்றன. இருக்கிற கொஞ்ச வெளிச்சத்தையும் சிந்தாமல் கீழே இறக்கிவிடும் ஏற்பாடு. அதன் பக்கத்திலேயே 1955இல் அவர் முடித்த ரௌடடாலோ கட்டடத்தில் இன்னொரு நுட்பம்: கூரையின் வட்டச் சாளரங்களுக்கு வெளியே, மேலே விளக்குகளைப் பொருத்தினார். பகலில் எந்த வழியாக வெளிச்சம் வருமோ, இருட்டிய பிறகும் அதே வழியாகத்தான் வரும். உள்ளே இருப்பவருக்குப் பொழுது போனதே உறுத்தாது. விளக்கு வடிவமைப்பு என்று இதைத்தான் சொல்வேன். விலையுயர்ந்த கூண்டு ஒன்றைக் கூரையில் தொங்கவிடுவதை அல்ல.

இனி ஆல்டோவின் புகழ்பெற்ற முக்காலி. 1933இல் வந்த 'ஸ்டூல் 60'. வட்டப் பலகை, மூன்று கால், அவ்வளவுதான். பலர் இதைப் பார்த்துவிட்டு, இதில் என்ன இருக்கிறது என்று நகர்ந்துவிடுவார்கள். கவிழ்த்துப் பார்க்க வேண்டும். பிர்ச் கட்டையின் ஒரு முனையில் மட்டும், இழை ஓடும் திசையிலேயே ரம்பத்தால் பல கீறல்கள் போட்டு, அந்த இடுக்குகளில் மெல்லிய மரத் தகடுகளைப் பசையோடு செருகி, சூட்டிலும் அழுத்தத்திலும் வளைத்திருக்கிறார்கள். வளைவுக்குப் பக்கவாட்டில் அந்தத் தகடுகள் வரிவரியாகத் தெரியும். கீழே முழுக்கட்டையின் உறுதி, மேலே வளைந்துகொடுக்கும் குணம், இரண்டும் ஒரே காலில். வளைந்த முனையை நேராகப் பலகையின் அடியில் திருகிவிடலாம். சட்டமோ குறுக்குக் கட்டையோ தேவையில்லை. ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் கால்கள் சுருள்படிபோல முறுக்கிக்கொண்டு மேலேறும். தச்சர் ஓட்டோ கோர்ஹோனனின் துர்க்கு நகரப் பட்டறையில் ஆண்டுக்கணக்காகச் செய்த சோதனைகளின் பலன் இது.

அன்று ஐரோப்பா முழுக்க வளைத்த எஃகுக் குழாய் நாற்காலிகள் கொடிகட்டிப் பறந்த காலம். ஆல்டோவும் முதலில் அந்தப் பக்கம் போய்ப் பார்த்தவர்தான். தொட்டால் சில்லிடும், கண் கூசும், சத்தம் போடும் என்று விலகினார். காசநோயாளிகளுக்காக 1933இல் முடிந்த பைமியோ சானடோரியத்தில் இந்தக் கரிசனம் முழுமையாகத் தெரிகிறது. கை கழுவும் தொட்டியில் தண்ணீர் சத்தமில்லாமல் விழும்படி சரிவு வைத்தார், பக்கத்துக் கட்டிலில் தூங்குகிறவருக்காக. நாள் முழுக்க மல்லாந்து படுத்திருப்பவர் பார்ப்பது மேற்கூரையைத்தான் என்பதால், அதற்குக் கண்ணை உறுத்தாத பச்சைச் சாயல் கொடுத்தார். நோயாளி சாய்ந்து உட்கார்ந்தால் மூச்சு விடச் சிரமமில்லாதபடி, வளைத்த ஒட்டுப்பலகையில் ஒரு நாற்காலியும் செய்தார்.

குறை இல்லாமல் இல்லை. குழாய் நாற்காலியின் குளிர்ச்சி பிடிக்காத மனிதர், தன் கட்டடங்களின் கதவுகளுக்கு வளைந்த வெண்கலக் கைப்பிடி வைத்தது ஏன்? வளைவு அழகுதான், ஆனால் கையுறையைக் கழற்றிவிட்டுப் பிடித்துப் பார்த்தவர்களுக்குத்தான் அதன் அருமை தெரியும். முக்காலியின் ஓரத்தில் உட்கார்ந்தாலோ சாய்த்துவிடும். எல்லார் வீட்டுக்கும் போக வேண்டும் என்று செய்யப்பட்டது, இன்று எல்லாரும் வாங்கும் விலையில் இல்லை என்பது பெரிய குறை. அவரும் மனைவி ஐனோவும் நண்பர்கள் இருவரும் சேர்ந்து 1935இல் தொடங்கிய ஆர்டெக் நிறுவனம் பழைய முக்காலிகளையும் வாங்கி விற்கிறது. சாயம் உரிந்து, பலகை தேன் நிறத்துக்குப் பழுத்த பழையதுதான் என் கண்ணுக்குப் புதியதைவிட அழகு.

முங்கினியெமி பகுதியில் ரீஹிதியே 20 என்ற முகவரியில் ஆல்டோவின் சொந்த வீடு இருக்கிறது. வழிகாட்டியோடு மட்டுமே பார்க்க முடியும், முன்பதிவு செய்துகொள்வது நல்லது. போவதாக இருந்தால் ஜூன் மாதத்தை விட்டுவிடுங்கள், டிசம்பரில் போங்கள்.