‘அந்த நாள்’: செத்தது ஆணா, பெண்ணா?

எஸ். பாலச்சந்தரின் ‘அந்த நாள்’ (1954) என்றால் எல்லோரும் முதலில் பாட்டில்லாத படம் என்பார்கள். அடுத்து ‘ரஷோமோன்’ என்பார்கள். சரிதான். ஆனால் இதன் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டியது அந்தோணி அஸ்குவித்தின் பிரித்தானியப் படமான ‘தி வுமன் இன் குவெஸ்டியன்’ (1950).

அதில் கொலையுண்டவள் குறிசொல்லும் ஆக்னஸ். புருஷன் நோயாளியாய் ஆஸ்பத்திரியில். இவளுக்கு வெளியே தொடர்பு. ஐந்து பேர் அவளை நினைவுகூர்கிறார்கள். வேலைக்காரிக்கு அவள் மரியாதைக்காரி, தங்கைக்கோ குடிகாரி. கொலைகாரனைத் தேடுவதாகப் பேர். விசாரணை நடப்பது செத்தவளின் ஒழுக்கத்தின் மேல். ஜீன் கென்ட் ஒரே பெண்ணை ஐந்து விதமாய் நடித்திருக்கிறார். அதற்காகவே பார்க்கலாம்.

‘அந்த நாள்’ படத்தில் பிணமாய்க் கிடப்பவன் ஆண்: ரேடியோ என்ஜினியர் ராஜன் (சிவாஜி). அவனுக்கும் வெளியே ஒருத்தி, அம்புஜம். ஆனால் அவனுடைய ஒழுக்கம் வழக்கின் கேள்வியாக வளர்வதில்லை. அந்தத் தொடர்பு வெளியே வந்ததும் சந்தேகம் அம்புஜத்தின் தலையில் விழுகிறது. நம்ம ஊர்களில் நடக்காததா? “அவள்தான் மயக்கிட்டாள்” என்று ஒரு சொல் போதும், ஆம்பிளை கை கழுவிக்கொண்டு போய்விடுவான்.

சுட்டது மனைவி உஷா (பண்டரிபாய்). விசாரணை முழுக்க அழும் விதவையாய் இருந்து மறைத்தவளும் அவளே. ராஜன் ஜப்பானுக்கு ரேடியோவில் இரகசியம் அனுப்பியவன். தடுக்கப் போன இடத்தில் துப்பாக்கி வெடித்துவிடுகிறது. ஜாவர் சீதாராமனின் திரைக்கதையில் எனக்குள்ள மனக்குறை இங்கேதான். தேசத்துரோகம் வந்து நின்றதும் தாம்பத்தியத் துரோகம் ஓரத்துக்குப் போய்விடுகிறது. நாட்டுக்காகக் கோபப்பட உஷாவுக்கு அனுமதி உண்டு. தனக்காகக் கோபப்பட இடமில்லை.

அந்த நாட்டுக் கோபத்தை நாம் லேசாய் எடுக்கவும் ஏலாது. படத்தில் குண்டு விழுவது 1943 ஒக்டோபரில், சென்னையில். திருகோணமலைத் துறைமுகத்தில் 1942 ஏப்ரல் 9 ஆம் திகதியே ஜப்பான் விமானங்கள் குண்டு போட்டுவிட்டன. கொட்டியாரக் குடாவுக்குத் தெற்கே மூதூர், அதற்கும் உள்ளே கிளிவெட்டி. இந்தப் பக்கத்தாருக்கு, பூட்டிய அறையிலிருந்து போகும் ஒரு ரேடியோச் செய்தி என்ன செய்யும் என்று விளங்கப்படுத்தத் தேவையில்லை. அதனால்தான் உஷாவின் பக்கம் நாம் இவ்வளவு சுளுவாய்ச் சாய்கிறோம்.

படத்தை இரண்டாம் தரம் பார்ப்பவர்கள் கதையை விட்டுவிட்டு, மற்றவர்கள் சாட்சி சொல்லும் நேரத்தில் பண்டரிபாயின் முகத்தை மட்டும் கவனியுங்கள். வசனத்தில் இல்லாத கோபம் அங்கே கொஞ்சம் கிடக்கிறது.