இல்லை என்பதில் எத்தனை வகை

சேர்வர் ஒன்று “வராதே” என்று சொல்வதில் வகைகள் இருக்கின்றன. சில நேரம் முகத்தில் அடித்தாற்போல் உடனே சொல்லும். சில நேரம் ஒன்றுமே பேசாமல் காக்க வைக்கும். இன்னும் சில நேரம் உள்ளே கூப்பிட்டு, யார் எவர் என்று விசாரித்துவிட்டுக் கைவிரிக்கும். திரையில் மூன்றுமே ஏறக்குறைய ஒரே மாதிரிப் பிழைப் பெட்டியாகத்தான் வரும். கடைக்காரர் மூன்றுக்கும் ஒரே பெயர்தான் வைத்திருக்கிறார்: “சிஸ்டம் வேலை செய்யுதில்ல.” இந்த மூன்றையும் பிரித்தறியத் தெரிந்த ஒருவர் வேலை செய்யும்போது பக்கத்தில் நின்று பார்ப்பது எனக்குப் பிடித்த பொழுதுபோக்கு.

மாத்தளையில் அதற்குக் குறைவில்லை. மிளகும் கராம்பும் சாதிக்காயும் வாங்கி விற்கிற கடை, மருந்துக் கடை, ஹார்ட்வெயார் கடை, எதுவானாலும் பின்னறையில் ஒரு கணினி நாள் முழுக்க ஓடிக்கொண்டிருக்கிறது. கணக்கு அத்தனையும் அதிலே. முன்னால் பில் போடும் இரண்டு மூன்று கணினிகள் அதனிடம் கேட்டுத்தான் விலை சொல்கின்றன. பின்னறைக் கணினியில் இருக்கும் தரவுத்தளம் மைக்ரோசொஃப்டின் எஸ்கியூஎல் சேர்வராக இருக்கலாம், அதுவும் காசு கேட்காத எக்ஸ்பிரஸ் பதிப்பு, மையெஸ்கியூஎல்லாகவும் இருக்கலாம். முன்னுக்கும் பின்னுக்கும் நடுவே சுவரோரம் ஒரு கேபிளும் பல்லி ஓடுகிற ஒரு சின்ன ரவுட்டரும். இந்தப் பத்துப் பதினைந்து அடிக்குள்தான் நான் சொல்லும் கலை நடக்கிறது.

தம்புள்ளைப் பொருளாதார மத்திய நிலையத்துக்கு லொறியில் மரக்கறி ஏற்றிப் போகிறவருக்கு நிலையத்தின் பெயர் மட்டும் தெரிந்தால் போதாது, எத்தனையாம் இலக்கக் கடை என்றும் தெரிய வேண்டும். ஐபி முகவரி என்பது நிலையம், போர்ட் என்பது கடை இலக்கம். ஒரு கணினியில் 65,535 வரைக்கும் இலக்கம் உண்டு. மையெஸ்கியூஎல் வழக்கமாக 3306இல் உட்கார்ந்திருக்கும், போஸ்ட்கிரெஸ் 5432இல், எஸ்கியூஎல் சேர்வர் 1433இல், ஒரக்கிள் 1521இல்.

சொன்ன இலக்கத்துக்குப் போகிறீர்கள், கடை பூட்டியிருக்கிறது, பக்கத்தில் இருப்பவர் “அங்க ஆள் இல்ல” என்று உடனே சொல்லிவிடுகிறார். முதல் வகை மறுப்பு இதுதான். கணினிகள் ஒன்றோடொன்று பேசும் விதிமுறையான டிசிபிக்காக 1981 செப்டெம்பரில் ஜோன் போஸ்டல் பதிப்பித்த ஆவணத்திலேயே இந்த மரியாதை எழுதப்பட்டிருக்கிறது: கேட்க ஆளில்லாத போர்ட்டுக்கு இணைப்புக் கேட்டு வந்தால், இல்லை என்று ஒரு துண்டு அனுப்பிவிட வேண்டும். விண்டோஸ் அதை 10061 என்று காட்டும், லினக்ஸ் 111 என்று. பார்க்கிறவர்களுக்கு எரிச்சல் மூட்டும் இந்த எண்ணில் எவ்வளவு நல்ல செய்தி இருக்கிறது என்று பாருங்கள். கேபிள் சரி, ரவுட்டர் சரி, எதிரே ஒரு கணினி விழித்திருக்கிறது, வழியில் யாரும் மறிக்கவில்லை. முகவரியும் சரி என்று இப்போதைக்கு வைத்துக்கொள்வோம். ஆக, வழியை விட்டுவிட்டு நேரே பின்னறைக்குப் போக வேண்டும். அங்கே தரவுத்தளம் எழும்பவே இல்லை, அல்லது எழும்பி வேறு இலக்கத்தில் உட்கார்ந்திருக்கிறது.

இரண்டாம் வகை மௌனம். இதில்தான் எனக்கு ருசி அதிகம். சற்றுப் பழைய பதிப்பு லினக்ஸ் ஓடும் கணினி ஒன்று இணைப்புக் கேட்டுப் பதில் வராவிட்டால் 1 செக்கன் பொறுத்து மறுபடி கேட்கும். பிறகு 2 செக்கன், 4, 8, 16, 32 என்று பொறுமையை இரட்டித்துக்கொண்டே போகும். ஆறு முறை திரும்பக் கேட்டு, கடைசியாக 64 செக்கன் காத்திருந்து, மொத்தம் 127 செக்கன் ஆன பிறகுதான் விட்டுக்கொடுக்கும். எதிரே இருப்பவர் வேலைப் பளுவில் திணறுகிறாரோ என்னவோ, நச்சரிக்கக் கூடாது என்ற நாகரிகம் அந்த இரட்டிப்பில் இருக்கிறது. பதில் வராததற்குக் காரணம் அநேகமாக நடுவில் நிற்கும் ஃபயர்வோல். கேற்றிலேயே ஆளைப் பிடித்து, இல்லை என்றும் சொல்லாமல் நிறுத்திவைக்கிற காவல்காரர். புது ரவுட்டர் மாட்டிய கடைகளில் இது அடிக்கடி நடக்கும். விண்டோஸ் அதைப் புது நெட்வேர்க் என்று எடுத்துக்கொண்டு, ‘பொது’ என்று முத்திரை குத்திவிடும். ‘தனியார்’ நெட்வேர்க்குக்கு மட்டும் கொடுத்திருந்த அனுமதி அன்றோடு செல்லாது. ரவுட்டர் நல்லது, கேபிள் நல்லது, சேர்வர் நல்லது. ஆனால் பில் போட முடியாது.

மூன்றாவது வகை வந்தால் புதியவர்களின் முகம் விழும், கைதேர்ந்தவர்களின் முகம் மலரும். மையெஸ்கியூஎல் 1045 என்று சொல்லும், எஸ்கியூஎல் சேர்வர் 18456 என்று சொல்லும். பெயரோ பாஸ்வேர்டோ பிழை என்று அர்த்தம். கடைக்காரரே வந்து, முகத்தைப் பார்த்து, உனக்குத் தரமாட்டேன் என்று சொல்லிவிட்டார். வழி முழுக்கத் திறந்திருக்கிறது என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம். பிழை போகாவிட்டாலும் பரவாயில்லை, பிழையின் எண் மாறியதா என்றுதான் நல்ல கை பார்க்கும். மௌனத்துக்கு விண்டோஸ் காட்டும் 10060 போய் 10061 வந்தால் ஒரு படி. 10061 போய் 18456 வந்தால் வேலை முக்கால்வாசி முடிந்தது.

எங்கள் நகரில் இந்த வேலை செய்யும் பையன் ஒருவன் இருக்கிறான். அவன் கடைக்குள் நுழைந்ததும் முதலாளி வழக்கமான பல்லவியைத் தொடங்குவார். “தம்பி, நேத்து வரைக்கும் நல்லாத்தான் ஓடிச்சு.” இவன் கீபோர்ட்டைத் தொடமாட்டான். “ராத்திரி கரண்ட் போச்சா முதலாளி?” என்று கேட்பான். பாதிப் பிழை அந்தக் கேள்வியிலேயே பிடிபட்டுவிடும். கரண்ட் திரும்பி வரும்போது ரவுட்டர் எல்லாருக்கும் முகவரியைப் புதிதாகப் பங்கிடும். நேற்று 192.168.1.10 ஆக இருந்த சேர்வர் இன்று 14 ஆகியிருக்கும். முன்னால் இருக்கும் கணினிகள் பழைய 10இன் கதவையே தட்டிக்கொண்டிருக்கும். ஒருநாள் அந்த 10 கடைப் பையனின் கைப்பேசிக்குப் போயிருந்தது. 3306 இருக்கிறதா என்று கேட்டதற்கு அந்தக் கைப்பேசி கடமை தவறாமல் “ஆள் இல்ல” என்று உடனே பதில் சொல்லிக்கொண்டிருந்தது. முகவரி சரி என்று இப்போதைக்கு வைத்துக்கொள்வோம் என்றேனே, அது இதற்காகத்தான். விடை தெளிவாகவே வந்தது, ஆனால் விடை சொன்னது சேர்வர் இல்லை.

முதலாளிமாரின் அடுத்த கேள்வி, “கணக்கெல்லாம் போச்சா?” மாத்தளைக்காரர் இதைக் கேட்பதில் நியாயம் இருக்கிறது. நகரிலிருந்து சற்று வடக்கே அலுவிஹாரையில்தான், கி.மு. முதலாம் நூற்றாண்டில், வாய்வழியாகவே வந்த திரிபிடகத்தைப் பிக்குகள் ஓலையில் எழுதிவைத்தார்கள் என்பது மரபு. மனப்பாடமாக வைத்திருந்தவர்கள் பஞ்சத்திலும் போரிலும் மறைந்தால் எல்லாம் மறைந்துவிடுமே என்ற பயம். பிற்காலத்தில் 1848 கலவரத்தின்போது அங்கே இருந்த நூலகமும் அழிந்தது. அது உண்மையான இழப்பு. போர்ட் பிழை அப்படியல்ல. கணக்கு பின்னறையில் ஒரு சதமும் குறையாமல் இருக்கிறது, போகிற வழிதான் அடைபட்டிருக்கிறது. பையன் இதை முதலில் சொல்லிவிட்டுத்தான் வேலையில் இறங்குவான். வேலைத்திறனில் பாதி இது என்பேன்.

பின்னறையில் அவன் கேட்பது ஒரே கேள்வி: இந்தக் கணினியில் யார் யார், எந்த இலக்கத்தில், எந்தத் திசையைப் பார்த்துக் காது கொடுத்துக்கொண்டிருக்கிறார்கள்? நெட்ஸ்டாட் என்ற கட்டளை அந்தப் பட்டியலைத் தரும். அதில் 0.0.0.0:3306 என்று இருந்தால் எல்லாத் திசைக்கும் காது. 127.0.0.1:3306 என்று இருந்தால் தனக்குத்தானே பேசிக்கொள்வதை மட்டும் கேட்கும், பக்கத்து மேசையிலிருந்து கூப்பிட்டாலும் கேட்காது. சில லினக்ஸ் வகைகளில் மையெஸ்கியூஎல் போடுகிறவர்களை முதல் நாளே திணறடிப்பது இந்த ஒற்றை வரிதான். பாதுகாப்புக்காக வேண்டுமென்றே அப்படி அனுப்புகிறார்கள், சரியான முடிவுதான். எஸ்கியூஎல் சேர்வர் எக்ஸ்பிரஸ் இன்னும் கண்டிப்பு: டிசிபி வழியையே மூடிவைத்துத்தான் கைக்கு வரும்.

அடுத்து அவன் அந்தக் கணினியிலிருந்தே அந்தப் போர்ட்டைத் தட்டிப் பார்ப்பான், பிறகு அடுத்த கணினியிலிருந்து. தட்டுவதற்கு டெல்நெட் என்ற கட்டளை போதும். மையெஸ்கியூஎல் என்றால் கதவு திறந்ததும் அதுவே முதலில் பேசும்: புரியாத எழுத்துகளுக்கு நடுவே தன் பதிப்பு எண்ணைச் சொல்லிவிடும். போஸ்ட்கிரெஸ் வந்தவர் பேசட்டும் என்று வாயை மூடிக்கொண்டிருக்கும். அந்தக் குழப்ப எழுத்துகளுக்கு நடுவே ஒரு எட்டோ ஐந்தோ மின்னும்போது எனக்கு ஏற்படும் சந்தோஷத்தை வீட்டில் யாருக்கும் விளக்க முடிந்ததில்லை.

பிங் பற்றியும் ஒரு சொல். 1983 டிசம்பரில் மைக் மூஸ் என்ற அமெரிக்கர் எழுதிய சின்ன நிரல் அது. நீர்மூழ்கியைத் தேடும் ஒலியின் பெயரை அதற்கு வைத்தார். அழகான கருவி. ஆனால் அதற்குப் போர்ட் இலக்கமே தெரியாது. நிலையத்தின் வாசலில் நின்று கூப்பிட்டுப் பார்ப்பதோடு சரி. பிங் வந்தது, ஆகவே எல்லாம் சரி என்பவரையும், பிங் வரவில்லை, ஆகவே சேர்வர் செத்துவிட்டது என்பவரையும் ஒரே தட்டில் வைக்கலாம்.

எனக்குக் கொஞ்சமும் பிடிக்காத கைவேலை ஒன்று உண்டு: ஃபயர்வோலை மொத்தமாக அணைத்துவிட்டு, “இப்ப ஓடுது பாருங்க” என்பது. எஸ்கியூஎல் சேர்வரில், எந்தக் கடை எந்த இலக்கத்தில் என்று கேட்டால் சொல்வதற்கென்றே 1434ஆம் போர்ட்டில் ஒரு சேவை உட்கார்ந்திருக்கும். 2003 ஜனவரி 25 அன்று ஸ்லாமர் என்ற புழு அந்தப் போர்ட் வழியாகத்தான் உலகம் முழுக்கப் பரவியது. அதன் அளவு 376 பைட், இந்தப் பந்தியில் பாதிகூட வராது. ஆரம்பத்தில் 8.5 செக்கனுக்கு ஒருமுறை இரட்டித்து, 75,000 கணினிகளுக்கு மேல் பிடித்தது. பிடிக்கக்கூடியவற்றில் 90 வீதத்துக்கு மேல் 10 நிமிடத்திலேயே சிக்கிவிட்டன. அதற்கான திருத்தத்தை மைக்ரோசொஃப்ட் ஆறு மாதத்துக்கு முன்பே வெளியிட்டிருந்தது. தேவைப்படும் ஒரே இலக்கத்தை, தேவைப்படும் முகவரிகளுக்கு மட்டும் திறந்துவிட்டு மற்றதை மூடிவைப்பவரே தொழில் தெரிந்தவர்.

நேரத்தோடு கண்ணாமூச்சி ஆடும் பிழைகள் தனி ரகம். தினமும் காலையில் முதல் பில் மட்டும் விழாது, இரண்டாம் முறை போட்டால் சரியாகப் போகும். பேய் என்று நினைக்க வேண்டாம். மையெஸ்கியூஎல் பேச்சில்லாத இணைப்பை 28,800 செக்கன், அதாவது 8 மணித்தியாலம் வரைதான் வைத்திருக்கும். மாலை ஏழுக்குக் கடை சாத்தி, காலை எட்டுக்குத் திறந்தால் இடையே 13 மணித்தியாலம். மென்பொருள் நேற்றைய கையைப் பிடித்தபடி நிற்கிறது, எதிரே ஆள் எப்போதோ கையை விட்டுவிட்டார்.

இந்த ரகத்தில் நான் அறிந்த உச்சம் டிரே ஹாரிஸ் என்ற கணினி நிர்வாகி 2002இல் எழுதிய அனுபவம். அமெரிக்காவின் வட கரோலினாவில் ஒரு பல்கலைக்கழகத்தில் அவர் வேலை பார்த்தபோது, புள்ளிவிபரவியல் துறைத் தலைவர் ஒரு முறைப்பாடு கொண்டுவந்தார்: எங்கள் மின்னஞ்சல் 500 மைலுக்கு அப்பால் போவதில்லை. சும்மா சொல்லவில்லை, துறைக்காரர்கள் பல நாள் தகவல் சேர்த்து உறுதிசெய்துகொண்டுதான் வந்திருந்தார்கள். காரணம் இதுதான். யாரோ சேர்வரைப் புதுப்பித்தபோது அஞ்சல் மென்பொருள் பழைய பதிப்புக்கு இறங்கிவிட்டது. அதற்குப் புதிய அமைப்புக் கோப்பு விளங்காமல், இணைப்புக்குக் காத்திருக்கும் நேரம் பூச்சியம் ஆகிவிட்டது. நடைமுறையில் ஏறக்குறைய 3 மில்லிசெக்கன். அந்த நேரத்தில் ஒளி போகக்கூடிய தூரம் சுமார் 560 மைல். போர்ட்டைத் தட்டிவிட்டுப் பொறுக்காமல் திரும்பி ஓடிய ஒரு சேர்வரால், ஒளியின் வேகம் அலுவலகத்துக்குள் வந்து நின்றது.

நம் பையனுக்கு நான் முழு மதிப்பெண் கொடுப்பது கடைசியில் அவன் செய்யும் காரியத்துக்கு. முகவரியை மாறாதபடி கட்டி, ஃபயர்வோலில் ஒரே இலக்கத்தைத் திறந்துவிடுகிறான். பில் விழுந்ததும் முதலாளி அவனுக்குக் கொடுக்கக் காசு எடுக்கிறார். இவன் போய் மெயின் சுவிட்சை இறக்கிவிடுகிறான். கரண்ட் போய் வந்தால் ரவுட்டரும் சேர்வரும் எந்த ஒழுங்கில் எழும்புகின்றன, தரவுத்தளம் யாரும் தொடாமல் தானாக எழும்புகிறதா, முகவரி அதே 10ஆக நிற்கிறதா என்று தெரியாமல் அவன் கடையை விட்டுப் போகமாட்டான். மிளகு மூட்டையோடு நாலு பேர் வரிசையில் நிற்கும்போது லைட்டை அணைக்கிறவனை எந்த முதலாளிக்குத்தான் பிடிக்கும்? காசைக் கொஞ்சம் குறைத்துத்தான் கொடுக்கிறார்கள்.