உப்பு நகரங்கள்: ஒரு நூல் நோக்கு

அரபு நாவலாசிரியருள் அப்துர் ரஹ்மான் முனீஃப் (1933–2004) தனியிடம் பெற்றவர். பெல்கிரேடில் எண்ணெய்ப் பொருளாதாரம் பயின்று டாக்டர் பட்டம் பெற்ற அவர், கணக்கேடுகள் சொல்லாததைக் கதையாகச் சொன்னார். 1984 முதல் 1989 வரை ஐந்து பாகங்களாக வெளிவந்த ‘முதுனுல் மில்ஹ்’ (உப்பு நகரங்கள்) அக்கதையாகும்.

முதற்பாகத்தின் பெயர் ‘அத்தீஹ்’. வழியறியாது அலைதல் என்பது பொருள். வாதில் உயூன் என்னும் ஊற்றுப் பள்ளத்தாக்கில் ஒட்டகக் கூட்டங்கள் தங்கி நீரருந்திச் செல்கின்றன. எண்ணெய் தேடி அமெரிக்கர் வருகின்றனர்; இயந்திரங்கள் மரங்களைச் சாய்க்கின்றன. முத்இப் அல்ஹத்தால் என்பவர் மனமுடைந்து ஒட்டகமேறி மறைகிறார். அவ்விடத்தைப் படித்தபோது பொருநைக்கரை மருதமரங்களே என் கண்முன் நின்றன. தனியொரு நாயகனின்றி ஓர் ஊரையே நாயகனாக்கியது இந்நூலின் பெருஞ்சிறப்பு.

நீர் பட்டால் கரைந்துபோகும் நகரங்கள் என்று தலைப்புக்கு ஆசிரியரே விளக்கம் தந்தார். இன்று நீர் வருகிறது. 2023 டிசம்பரில் துபாயில் கூடிய ஐ.நா. பருவநிலை மாநாடு, நிலக்கரி, எண்ணெய், எரிவாயுவை விட்டு விலகுமாறு உலகை அழைத்தது. அபுதாபி 2006இல் ‘மஸ்தார்’ நிறுவனத்தைத் தொடங்கியது. சவூதி அரேபியா 2016இல் ‘தொலைநோக்கு 2030’ திட்டத்தை அறிவித்தது. உப்பு கரையும் என்பதை உப்பளத்தாரே உணர்ந்துகொண்டனர்.

எனினும் முனீஃபின் தீர்ப்பு முழுமையானதன்று. குவைத் 1953இலேயே எண்ணெய் வருவாயில் ஒரு பகுதியை எதிர்காலத்திற்கென முதலீடு செய்யத் தொடங்கியது. செழித்த ஏழாண்டின் விளைச்சலைக் கதிரோடு சேமிக்கச் சொன்ன நபி யூசுஃப் (அலை) அவர்களின் அறிவு அது. அத்தகைய முன்யோசனைக்கு நாவல் போதிய இடம் தரவில்லை.

மற்றொரு குறையும் உண்டு. அது நம்மைச் சார்ந்தது. முதற்பாகம் பாலைவன மக்களின் துயரில் ஆழ்ந்துள்ளது. கடல்கடந்து சென்று அந்நகரங்களைக் கட்டிய நம்மவர் அதன் மையத்தில் இல்லை. என்னிடம் ஓதிய பலர் அங்கே உழைக்கின்றனர். அவர்கள் அனுப்பிய பணத்தில் மேலப்பாளையத்திலும் கடையநல்லூரிலும் மாடிகள் எழுந்தன. அதில் பிள்ளைகளின் கல்விக்குச் சென்றது எவ்வளவு? கயத்தாற்றில் காற்றாலைகள் சுழல்கின்றன. கங்கைகொண்டானில் சூரிய மின்தகடுகள் செய்யப்படுகின்றன. அங்கே பொறியாளராய் நுழைய நம் மக்களை ஆயத்தம் செய்தோமா?

எண்ணெய் நாடுகள் தம் கணக்கைப் பார்க்கத் தொடங்கிவிட்டன. அவற்றின் வருவாயில் அடுப்பெரிக்கும் நம் இல்லங்கள் இன்னும் பார்க்கவில்லை. முனீஃப் எழுதாது விட்ட அந்தப் பாகம் தமிழில்தான் எழுதப்பட வேண்டும்; எழுதுமுன் நம் வீட்டுச் சுவர் எதனால் ஆனதென்று தொட்டுப் பார்த்துக்கொள்வது நலம்.