பெயர்ப் பலகையே துறை ஆகுமோ?

தெள்ளார் என்றதும் தமிழ் பயின்றோர் நெஞ்சில் தோன்றுவது ஒரு போர்க்களம். பாண்டியன் படையைப் புறங்கண்டு, 'தெள்ளாறெறிந்த நந்திவர்மன்' என்று பெயர் பெற்றான் 9ஆம் நூற்றாண்டுப் பல்லவன். கலம்பகத்தால் புகழப்பெற்றான், கல்வெட்டிலே இடம் பெற்றான், இன்று வரலாற்றுப் பாடத்திலும் வாழ்கின்றான். நன்று! மன்னன் வென்ற மண்ணுக்கு வரலாற்றுத் துறையிலே இடம் உண்டு. அம்மண்ணிலே, ஆரணிப் பட்டு வட்டாரத்திலே, பாவு நீட்டி, ஊடை ஓட்டி, ஊரார் உடுத்த நெய்யும் உழைப்பாளியின் அறிவுக்கு எந்தத் துறையிலே இடம்? அவன் மகள் எந்த மொழியில், எந்தப் பட்டம் பெற வேண்டும் என்று எண்ணிப் பார்த்துத் திட்டமிட்டோர் யார்? இதனைக் கேட்கவே இன்று எழுதுகின்றோம்.

பல்கலைக்கழகத்தில் ஒரு புதிய துறை எவ்வாறு பிறக்கின்றது? பாடத்திட்டக் குழு பாடம் வகுக்கின்றது. கல்விக் குழு ஆராய்கின்றது. ஆட்சிக் குழு ஒப்புதல் அளிக்கின்றது. முறையிலே குறையில்லை. ஆனால் முதற் கேள்வியிலே குறை இருக்கின்றது. 'இந்த மண்ணுக்கும் மக்களுக்கும் எது தேவை?' என்று தொடங்க வேண்டிய பேச்சு, 'வேறிடங்களில் எந்தப் படிப்புக்குக் கூட்டம் சேர்கின்றது?' என்று தொடங்கிவிடுகின்றது. பலகை எழுதப்படுகின்றது, விழா நடக்கின்றது, மாலை விழுகின்றது. நூலா? பின்னர் வரும். ஆசிரியரா? பின்னர் வருவார். படித்து முடித்தவனுக்கு வேலையா? அது அவன் பாடு! சில ஆண்டுகள் கழித்துத் தலைகளை எண்ணுகின்றனர். 'சேருவோர் இல்லை' என்று கூறிப் பூட்டை எடுக்கின்றனர்.

கற்பனை அன்று நாம் கூறுவது. 2010ஆம் ஆண்டில் அண்ணா பல்கலைக்கழகம் கட்டடப் பொறியியலையும் இயந்திரப் பொறியியலையும் தமிழ் வழியில் தொடங்கிற்று. அதே ஆண்டில், தமிழ் வழியில் பயின்றோருக்கு அரசுப் பணியில் 20 விழுக்காடு முன்னுரிமை தரும் சட்டமும் பிறந்தது. பொறியியலுக்குத் தமிழ் ஆகாது என்று ஏளனம் பேசியோர் வாயடைக்கத் தக்க செயல், போற்றினோம், போற்றுகின்றோம். ஆனால் 2023ஆம் ஆண்டு மே திங்களில் வந்த செய்தி என்ன? 11 உறுப்புக் கல்லூரிகளில் அவ்விரு தமிழ் வழிப் படிப்புகளையும் நிறுத்துவதாக அறிவிப்பு! காரணம், மாணவர் சேர்க்கைக் குறைவு. எதிர்ப்புக் கிளம்பியதும் அறிவிப்பைத் திரும்பப் பெற்றனர். அறிவிப்புத் திரும்பிவிட்டது, அது எழுப்பிய கேள்வியோ அப்படியே நிற்கின்றது.

ஏன் சேரவில்லை மாணவர்? தாய்மொழிப் பற்று அற்றவரா அவர்தம் பெற்றோர்? இல்லை, இல்லவே இல்லை! தறியில் அமர்ந்து மகளைப் படிக்க வைக்கும் தந்தை கணக்கறிந்தவர். 'நான்கு ஆண்டும் கையில் வைத்துப் படிக்கத் தமிழில் நூல்கள் எத்தனை? வேலை தர வரும் நிறுவனத்தார் எந்த மொழியில் கேள்வி கேட்பர்? மேற்படிப்புக்குச் சென்றால் என் மகள் நிலை என்ன?' என்று கேட்கின்றார் அவர். நேர்மையான கேள்விகள்! இந்திய மொழிகளில் பொறியியல் கற்பிக்க அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழு இசைவு தந்து, நூல்களைப் பெயர்க்கும் பணியில் இறங்கியது 2021ஆம் ஆண்டில். அதாவது இங்கே பலகை மாட்டி 11 ஆண்டுகள் ஓடிய பின்னர். விதைக்கு முன்னே அறுவடைக் கணக்குப் பார்த்தல் எந்த ஊர் வேளாண்மை? தொடங்கியவர் யார் என்று பார்த்துப் பாராட்டுவதும், நிறுத்த முனைந்தவர் யார் என்று பார்த்துப் பழிப்பதும் பகுத்தறிவாகாது. தொடக்கத்திலே இருந்த குறையைச் சுட்டுவதே பகுத்தறிவு.

முறையாகச் செய்தோர் உண்டா? உண்டு. ஐதராபாத்தில் 1918இல் உசுமானியாப் பல்கலைக்கழகம் உருது மொழியைப் பயிற்று மொழியாக்கிற்று. ஆனால் அதற்கு முன்பே, 1917இலேயே, மொழிபெயர்ப்புப் பணியகம் அமைத்து, கலைச்சொல் வகுத்து, நூல்களை ஆக்கத் தொடங்கினர். மருத்துவமும் பொறியியலும் உருதுவிலே நடந்தன. அங்கே பெரும்பான்மை மக்களின் தாய்மொழி உருது அன்று, அது பெருங்குறை. நிசாம் ஆட்சிக்குப் பரணி பாடவும் நாம் வரவில்லை. நூல் முன்னே, வகுப்புப் பின்னே என்ற அந்த ஒழுங்கையே எடுத்துக்காட்டுகின்றோம். அவ்வளவு தொலைவு போவானேன்? யாழ்ப்பாணத்து மானிப்பாயில் 19ஆம் நூற்றாண்டிலேயே தமிழில் மருத்துவம் கற்பித்தார் சாமுவேல் கிறீன் என்னும் அமெரிக்கர். கற்பிப்பதற்காகவே உடற்கூற்று நூலையும் அறுவை மருத்துவ நூலையும் தமிழாக்கினார். கடல் கடந்து வந்தவருக்குக் கைகூடியது நமக்குக் கைகூடாதோ?

இனித் தறிக்கு வருவோம். பட்டு நெசவுக்கென ஒரு துறை, ஒரு பட்டப்படிப்பு, தறி ஒலிக்கும் இவ்வட்டாரத்திலேயே வேண்டும் என்கின்றோம். உடனே தோழர் ஒருவர் சினந்து எழுவார்: "நெசவாளி பிள்ளைக்கு நெசவா? 1953இல் இராசகோபாலாச்சாரியார் கொணர்ந்த குலக்கல்வி அன்றோ இது? அரை நாள் பள்ளி, அரை நாள் அப்பன் தொழில் என்ற அத்திட்டத்தை எதிர்த்து நின்று, 1954இல் காமராசர் கைவிடச் செய்தது இதற்காகவா?"

சினம் நியாயமானது, ஐயம் தீர்க்கப்பட வேண்டியது. குலக்கல்வி, பிள்ளையைத் தந்தையின் தறியிலே கட்டிப் போடுவது. நாம் கேட்கும் துறையோ தறியை எவரும் கற்கும் அறிவியல் ஆக்குவது. பட்டின் பசையை நீக்குவது வேதியியல். சாயக் கழிவு கிணற்றை அடையாமல் தடுப்பது சுற்றுச்சூழல் அறிவியல். சேலைக்குக் கடையில் கிடைக்கும் விலைக்கும் நெய்தவன் பெறும் கூலிக்கும் இடையே உள்ள பள்ளத்தை அளப்பது பொருளியல். 1804இல் பிரெஞ்சு நாட்டு ஜக்கார்டு தறிக்கென அமைத்த துளையிட்ட அட்டையைத்தான், பின்னர்க் கணக்கிடும் பொறிக்குத் திட்டமிட்ட பாபேஜ் எடுத்துக்கொண்டார். நெசவாளி நாளும் காணும் அட்டையிலே கணிப்பொறியின் முன்னோர் இருக்கின்றனர்! இத்துறையில் எக்குலத்தாரும் சேரலாம். நெசவாளி மகளோ மருத்துவம், சட்டம், வானியல் என எத்துறையும் புகலாம். பிறப்பைப் பார்த்துப் பாடம் தந்தால் அது குலக்கல்வி. பாடத்தைத் திறந்து வைத்துப் பிறப்பைக் கேளாதிருந்தால் அது பல்கலைக் கல்வி.

இங்கிலாந்தின் கம்பளி நெசவு நகரான லீட்சில் 1874இல் தோன்றிய யார்க்சயர் கல்லூரி, துணி வணிகர் சங்கத்தின் பொருளுதவியோடு நெசவுத் துறை கண்டது. 1904இல் பல்கலைக்கழகமாக உயர்ந்தது. நெசவு கற்பித்ததால் அது தாழ்ந்துவிடவில்லை. இங்கும் சென்னை அழகப்பா தொழில்நுட்பக் கல்லூரி, சேலத்தில் 1960இல் தொடங்கிய கைத்தறித் தொழில்நுட்ப நிறுவனம் என முன்மாதிரிகள் உள்ளன. 2002இல் வேலூரில் எழுந்த பல்கலைக்கழகம் வள்ளுவர் பெயர் தாங்கி நிற்கின்றது. வள்ளுவர் நெய்து வாழ்ந்தார் என்ற செவிவழிக் கதையை நாம் வரலாறாகக் கொள்ளவில்லை. ஆயினும், அப்பெயரை நெற்றியில் எழுதிய கழகம் தன் எல்லைக்குள் இருக்கும் தறியைத் திரும்பிப் பார்த்தல் முறையன்றோ?

இளந்தோழர்களே! உங்கள் கல்லூரியில் நாளை ஒரு புதிய துறை திறக்கப்படும். கை தட்டுங்கள், தட்டிய பின் மூன்று கேள்வி கேளுங்கள். தமிழில் நூல் எங்கே? நிலையான ஆசிரியர் எங்கே? படித்தவர்க்குப் பணி எங்கே? மூன்றையும் தந்து, பத்தாண்டு பொறுத்து, அதன் பின்னும் சேருவோர் இல்லையெனில் மூடட்டும். குறை கூற மாட்டோம். ஒன்றையும் தராமல் தலை எண்ணி மூடுவோரை மட்டும் விடமாட்டோம்.

பாவு நீட்டாமல் ஊடை ஓட்டினால் சேலை வாராது. தெள்ளார் வட்டாரத்துச் சிறுவனும் அறிந்த உண்மை இது. திட்டம் தீட்டுவோர் அறிவது எந்நாளோ?