ஐப்பசி மழையும் ஆக்சல் தாவலும்

சர்வதேச ஸ்கேட்டிங் சங்கத்தின் ஆண்டு ஜூலை 1-ல் தொடங்கி அடுத்த ஜூன் 30-ல் முடிகிறது. பெரிய போட்டிகள் அக்டோபரில் சூடுபிடித்து, மார்ச் மாத உலகச் சாம்பியன்ஷிப்போடு ஓய்கின்றன. தாமிரபரணிப் பாசனத்தில் பிசான நெல்லுக்கு நாற்றுப் பாவுவதும் அறுப்பதும் ஏறக்குறைய இந்த மாதங்களில்தான். தண்ணீர் திறந்த பிறகு விதைநெல் தேடி அலைகிற சம்சாரி கிடையாது. ஃபிகர் ஸ்கேட்டரும் அப்படித்தான்: கோடையிலேயே இசையைத் தேர்ந்து, அசைவுகளை அமைத்து, புதுக் காலணியைக் காலுக்குப் பழக்கிவிடுவார். ஆகஸ்ட், செப்டம்பரில் சின்னப் போட்டிகளில் ஆடிப் பார்த்து, நடுவர்கள் எங்கே மதிப்பெண்ணைக் குறைத்தார்கள் என்று பார்த்துத் திருத்துவார். பிறகு போட்டியின் இரு பகுதிகளான ஷார்ட் புரோகிராமின் 2 நிமிடம் 40 வினாடியையும், ஃப்ரீ ஸ்கேட்டிங்கின் 4 நிமிடத்தையும் நிறுத்தாமல் திரும்பத் திரும்ப ஆடுவார். தனித்தனியாகத் தாவத் தெரிந்தவர்கள் நிறைய உண்டு. மூன்றாவது நிமிடத்தில் மூச்சு வாங்கும்போதும் அதே தாவலை எடுப்பவர்கள் குறைவு.

ஆண்டை இப்படித் திட்டமிடும் முறையின் பெரிய பலம், எதை விடுவது என்பதை முன்கூட்டியே முடிவு செய்ய வைப்பது. ஒரு கணக்கைப் பாருங்கள். ஆக்சல் என்ற தாவலை மூன்றரைச் சுற்றோடு எடுத்தால் அடிப்படை மதிப்பு 8.0. முழுதாகச் சுற்றிவிட்டு விழுந்தால் தரத்துக்கான கழிவு 4.0 வரை போகும். விழுந்ததற்கு இன்னொரு 1. மிஞ்சுவது 3.0. சுத்தமாக இறங்கிய இரண்டரைச் சுற்று ஆக்சலுக்கோ 3.3. பயிற்சியில் பத்துக்கு மூன்று முறைதான் இறங்குகிறது என்றால், அந்தத் தாவலை இந்த ஆண்டு மேடையேற்றுவதா என்பதை ஜூலையிலேயே கேட்டுவிட வேண்டும். போட்டி நாளின் பதற்றத்தில் எடுக்கும் முடிவு பெரும்பாலும் தப்பாகத்தான் போகும்.

ஆனால் இதே கணக்கு கலையைத் தின்றும்விடும். இரண்டாம் பாதியில் வரும் தாவல்களுக்கு 10 சதவீதம் கூடுதல் மதிப்பு இருந்ததால், 2018 பியோங்சாங் ஒலிம்பிக்கில் ரஷ்ய வீராங்கனை அலினா ஸகிதோவா ஃப்ரீ ஸ்கேட்டிங்கின் ஏழு தாவல்களையும் பின்பாதிக்கே ஒதுக்கி வைத்தார்; தங்கமும் வென்றார். விதிப்படி அவர் செய்தது சரி. முன்பாதி இசை மட்டும் தாவல் இல்லாமல் காத்துக் கிடந்தது. அதே ஆண்டு அந்தச் சலுகை கடைசிச் சில தாவல்களுக்கு மட்டும் என்று சுருக்கப்பட்டது. இதைவிடப் பெரிய குறை பிள்ளைகளின் உடம்பில் தெரிகிறது. மெலிந்த, வளராத உடம்புக்கே சுழற்சி எளிது என்பதால் பதின்மூன்று, பதினான்கு வயதிலேயே பிழிந்தெடுக்கும் வழக்கம் வேரூன்றியது. சீனியர் பிரிவுக்கான குறைந்தபட்ச வயதை 15-லிருந்து 17-க்குப் படிப்படியாக உயர்த்த 2022-ல் முடிவானது. எனக்கு அது மிகத் தாமதமான நியாயமாகவே படுகிறது. அமெரிக்காவின் அலிசா லியூ 16 வயதில் எல்லாம் போதும் என்று விலகி, ஏறக்குறைய இரண்டு ஆண்டு ஒதுங்கி இருந்துவிட்டுத் திரும்பி, 2025-ல் உலகச் சாம்பியன் ஆனார். எந்தப் பயிற்சி அட்டவணையிலும் இப்படி ஓர் ஓய்வுக்கு இடம் இல்லை.

ஆண்டுதோறும் புது நிகழ்ச்சி வேண்டும் என்ற பிடிவாதமும் தேவையில்லாதது. ஜப்பானின் யுசுரு ஹன்யூ, இசையமைப்பாளர் ஷோபனின் முதல் பலாடை மூன்று பருவங்களுக்கு ஆடினார். 2017 நவம்பரில் கணுக்கால் தசைநார் கிழிந்து, இடையில் ஒரு போட்டியும் ஆடாமல் பியோங்சாங் போனவருக்கு, உடம்பில் ஊறிப்போன அந்தப் பழைய நிகழ்ச்சிதான் கைகொடுத்தது.

இதெல்லாம் நெல்லைக்கு எதற்கு என்று கேட்கலாம். இங்கே பனித்தரை கிடையாது. நாட்டிலேயே அதற்குப் பஞ்சம்தான். 2011 தெற்காசியக் குளிர்கால விளையாட்டுக்காக டேராடூனில் கட்டிய அரங்கம் பல ஆண்டுகள் மூடிக் கிடந்து 2025-ல்தான் உயிர்பெற்றது. ஆனால் நான்கு சக்கர ஸ்கேட்டில் ஆடும் ஆர்ட்டிஸ்டிக் ஸ்கேட்டிங்கிலும் அதே ஆக்சல், லுட்ஸ் தாவல்கள், அதே சுழற்சிகள் உண்டு. ஹைதராபாத்தின் அனூப் குமார் யாமா 2010 குவாங்சோ ஆசிய விளையாட்டில் தனிப் பிரிவிலும், அவனி பஞ்சாலுடன் ஜோடிப் பிரிவிலும் வெண்கலம் வென்றது சக்கரத்தில்தான். சென்னையின் ஆனந்த்குமார் வேல்குமார் 2025-ல் உலக வேக ஸ்கேட்டிங் தங்கத்தையே கொண்டுவந்தார். தமிழ்ப் பிள்ளைக்குச் சக்கரம் எட்டாத கனி ஆகாது.

நமக்குச் சிக்கல் நாள்காட்டியில் இருக்கிறது. ரோலர் ஸ்கேட்டிங் தேசியப் போட்டிகள் பெரும்பாலும் டிசம்பரில் வருகின்றன. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் திறந்தவெளிச் சிமெண்ட் தளம் நனைந்து கிடக்கும். ஈரத்தில் சக்கரம் பிடிக்காது. தாவினால் மணிக்கட்டு போகும். நிகழ்ச்சியை முழுதாக ஆடிப் பழக வேண்டிய வாரங்கள் இப்படித்தான் நழுவுகின்றன. கூடவே அரையாண்டுத் தேர்வு. பனி அரங்குக்குள் உருவான பயிற்சி முறையை அப்படியே எடுத்துவந்தால் இந்த இடத்தில் முறியும்.

அதனால் நெல்லைப் பிள்ளைக்கு உச்சிப் பயிற்சி ஆகஸ்ட், செப்டம்பரிலேயே நடந்துவிட வேண்டும். குற்றாலச் சாரல் காற்று வீசினாலும் நெல்லையில் அப்போது மழை சொற்பம். ஐப்பசி வந்தால் ஸ்கேட்டைக் கழற்றிவிட்டு, பள்ளி வராந்தாவிலோ கூடத்திலோ வெறுங்கால் சுழற்சி, இறங்குநிலை, இசையோடு நடந்து பார்ப்பது என்று மாற்றிக்கொள்ளலாம். இதைப் பல மாஸ்டர்கள் அறிந்தே இருக்கிறார்கள். பெற்றோர்தான் பிள்ளை ஸ்கேட் மாட்டாத நாளை வீணான நாளாகப் பார்க்கிறார்கள்.

அந்தப் பெற்றோரிடம் இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஸ்கேட்டில் சுற்றிக்கொண்டே மணிக்கணக்கில் சிலம்பம் சுழற்றி ‘உலக சாதனை’ சான்றிதழ் வாங்கும் நிகழ்ச்சிகள் தமிழ்நாட்டில் பெருகிவிட்டன. அந்தப் பிள்ளைகளின் உழைப்பை நான் குறைத்துச் சொல்லவில்லை. அங்கே நிற்காமல் சுற்றினால் போதும். தாவலின் இறங்குநிலையை யாரும் திருத்துவதில்லை, அடுத்த மாதம் இதைவிட நன்றாக ஆட வேண்டிய கட்டாயமும் இல்லை. அதற்குச் செலவாகும் கோடை விடுமுறையில் ஒரு நான்கு நிமிட நிகழ்ச்சியை அமைத்துவிடலாம். கூட்டம் சேர்க்கவும் பந்தல் போடவும் போகும் பணத்தைப் பல பெற்றோர் சேர்த்து வைத்தால், பழகும் தளத்துக்குத் தகரக் கூரையாவது போடலாம்.